பெங்களூரில் அபூர்வ காலிபர் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் இருந்துகொண்டு லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் தேடும் தமிழ் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலருக்கு வால்பாறையிலோ கூடலூரிலோ எஸ்டேட்டில் இருந்த தாத்தாவின் துப்பாக்கி காரணம். சிலருக்கு அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் பிடித்துக்கொண்ட ஆசை. யாராக இருந்தாலும் இங்கே கட்டுப்படுத்துவது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான்.

லீவர் ஆக்‌ஷன் என்றால் எந்த ரைஃபிள்கள்?

விசைக்குக் கீழே வளையம் போல இருக்கும் கைப்பிடியைத் தள்ளி இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது சேம்பருக்குள் (சுடும்போது தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) ஏறும். 1860-இன் ஹென்றி, 1873-இன் வின்செஸ்டர், ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1886, 1892, 1894, 1895 மாடல்கள், மார்லின் 336, சாவேஜ் 99 ஆகியவை இந்த வகையில் பேர் பெற்றவை. சாவேஜ் 99-இல் வெளியே தெரியும் குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தி) கிடையாது. குழலுக்கு அடியில் நீளக் குழாய் மேகசினும் (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் இடம்) கிடையாது. உள்ளே சுழலும் மேகசின்.

எதை 'அபூர்வ காலிபர்' என்கிறீர்கள்? .30-30 சாதாரணமானதுதானே?

காலிபர் என்பது குழலின் அளவையும் அதற்குப் பொருந்தும் தோட்டா வகையையும் குறிக்கும் பெயர். .30-30 அமெரிக்காவில் சாதாரணம். அங்கே மான் வேட்டைக்காரர்களின் கையில் நூறு வருடத்துக்கும் மேலாகப் புழங்கிய தோட்டா அது. நம் ஊர் டீலரின் அலமாரியில் நீங்கள் பார்ப்பது 12 போர் (போர் என்றால் குழலின் துளை அளவு), .315, .22, .32 ரிவால்வர் தோட்டா, அதிர்ஷ்டம் இருந்தால் .30-06. அதனால் இந்தியாவில் .30-30-யும் அபூர்வக் கணக்கில்தான் வரும். அதற்கும் அப்பால் .32 வின்செஸ்டர் ஸ்பெஷல், .25-35, .38-55, .348 வின்செஸ்டர், .405 வின்செஸ்டர், .250-3000 சாவேஜ், .300 சாவேஜ், .22 ஹை பவர் என்று போனால் அமெரிக்காவிலேயே தேடித்தான் பிடிக்க வேண்டும். .348 என்ற தோட்டாவுக்காக வின்செஸ்டர் கொண்டுவந்த மாடல் 71-ஐத் தவிர அதைச் சுடுகிற ரைஃபிள் கிட்டத்தட்ட எதுவும் கிடையாது.

முதலில் ரைஃபிளைத் தேடுவதா, லைசென்ஸ் எடுப்பதா?

முதலில் தோட்டாவைத் தேடுங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அழகான மாடல் 94 ஒன்று நல்ல நிலையில், நியாயமான விலைக்கு வருகிறது என்று வையுங்கள். அதற்கு இருபது தோட்டாகூடக் கிடைக்கவில்லை என்றால், சட்டம் அனுமதிக்கும் இரண்டு துப்பாக்கிகளில் ஒரு இடத்தைச் சுடமுடியாத ஒன்றுக்குக் கொடுத்துவிட்டீர்கள். 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்கு முன் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், இப்போது இரண்டுதான். பரம்பரையாக வந்ததும் அந்த இரண்டுக்குள்ளேயே அடங்க வேண்டும். அபூர்வ காலிபர் ரைஃபிள் சில சமயம் விலை குறைவாகக் கிடைப்பதற்கும் தோட்டாப் பஞ்சம்தான் காரணம். விற்பவருக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆகவே ரைஃபிளைப் பார்ப்பதற்கு முன் தெரிந்த டீலர்களிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "சார், இந்த காலிபர் தோட்டா உங்க ஸ்டாக்ல இப்ப இருக்கா?" வரும், வரவழைக்கலாம், ஆள் இருக்கிறார் என்ற பதில்களை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைக் கண்ணால் பார்த்தால்தான் கணக்கு.

பழைய ஸ்டாக் தோட்டா வாங்கலாமா?

வாங்கலாம், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து. பித்தளைக் கழுத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் ஒதுக்குங்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், பிரைமரை (தோட்டாவின் அடியில் உள்ள, அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடி) சுற்றி நிறம் மாறியிருந்தால் அதையும் ஒதுக்குங்கள். மிகப் பழைய தோட்டாக்களின் பிரைமர் குழலை அரிக்கும் உப்பை விட்டுச்செல்லும். எண்ணெய் மட்டும் போட்டால் அந்த உப்பு போகாது. அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய் போட வேண்டும்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் லீவரை உடனே திறக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து அரை நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். தாமதமாக வெடிப்பது பழைய தோட்டாவின் குணம்.

காலித் தோட்டாவில் நானே வெடிமருந்து நிரப்பிக்கொள்ளக் கூடாதா?

அமெரிக்காவில் அபூர்வ காலிபர்காரர்கள் உயிர்வாழ்வதே அப்படித்தான். இங்கே தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும்; ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குப் போதாது. யாராவது செய்து தருகிறேன் என்றாலும் போகாதீர்கள்.

பெங்களூரில் லைசென்ஸ் யார் கொடுப்பது? ரைஃபிளுக்குக் கிடைக்குமா?

மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனர். இன்ஃபென்ட்ரி ரோடு அலுவலகம். எல்லைக்கு வெளியே மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் டெபுடி கமிஷனர். படிவம் ஏ-1-இல் விண்ணப்பம், காவல் நிலைய விசாரணை, மருத்துவச் சான்று, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். கிடைக்கும் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குச் செல்லும். தேசியத் தரவுத்தளத்தில் உங்களுக்கென ஒரு எண் ஏறும்.

கிடைக்குமா என்பதற்குச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படித்துப் பார்ப்பது நல்லது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ நீளக்குழல் 12 போர் மாதிரியான, உள்ளே வரிகள் இல்லாத வழுக்குக்குழல் துப்பாக்கி, பயிர்க் காவலுக்கு குழலின் வாய்வழியாக வெடிமருந்து நிரப்பும் துப்பாக்கி, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினருக்குக் குறிபார்த்துப் பழக .22 ரைஃபிள் ஆகியவற்றை அது தனியாகச் சொல்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். உங்கள் .30-30 இந்த இரண்டாவது கூடையில்தான் விழும். "எனக்குப் பழைய வின்செஸ்டர் பிடிக்கும்" என்பது நமக்குப் பெரிய காரணம், கோப்பில் அது நிற்காது. எஸ்டேட் காவல், உயிருக்கு இருக்கும் ஆபத்து, குடும்பச் சொத்தாக வருவது என்று ஆதாரத்தோடு காட்டக்கூடிய காரணம் வேண்டும். இல்லாத ஆபத்தை எழுதாதீர்கள், ஸ்டேஷனில் விசாரிப்பார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு.

தடை செய்யப்பட்ட போர் என்கிறார்களே, லீவர் ஆக்‌ஷனுக்கும் அது பொருந்துமா?

ராணுவம், போலீஸ் பயன்படுத்தும் தோட்டாக்களைச் சுடக்கூடிய .303, 7.62 மி.மீ. போன்றவை அந்தப் பட்டியலில் வருகின்றன. அவற்றுக்கு அனுமதி கமிஷனர் கையில் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில். லீவர் ரைஃபிள்களில் இது மூன்று இடத்தில் ஆளைச் சிக்கவைக்கும்.

முதலாவது வின்செஸ்டர் 1895. இது பல காலிபர்களில் வந்தது. .405-இல் வந்தது வேறு; .303 பிரிட்டிஷிலும் வந்திருக்கிறது. முதல் உலகப்போரில் ரஷ்ய ராணுவத்துக்காக 7.62 மி.மீ. ரஷ்யத் தோட்டாவுக்கும் லட்சக்கணக்கில் செய்து அனுப்பினார்கள். லீவர்தானே, விட்டுவிடுவார்கள் என்று நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது .308. சாவேஜ் 99-உம் வின்செஸ்டர் 88-உம் இந்தக் காலிபரில் வந்தன. .308 வின்செஸ்டரும் 7.62 நேட்டோ தோட்டாவும் ஒரே சேம்பரில் ஏறும் என்பதால் தொடவே வேண்டாம்.

மூன்றாவதுதான் மனத்தை நோகடிப்பது: .303 சாவேஜ். பெயரில் 303 இருக்கிறதே தவிர இது .303 பிரிட்டிஷ் இல்லை. தோட்டாக்கூடு வேறு, ஒன்று மற்றொன்றின் சேம்பரில் உட்காராது. ஆனால் பழைய லைசென்ஸ் புத்தகத்தில் யாரோ ஒரு எழுத்தர் வெறும் ".303 ரைஃபிள்" என்று எழுதியிருந்தால் புதுப்பிக்கும்போதோ கைமாற்றும்போதோ கோப்பு அங்கேயே நின்றுவிடும். பரிசோதனைக்கு அனுப்பி, காலிபரின் முழுப்பெயரை எழுத்தில் வாங்கி, லைசென்ஸில் திருத்திய பிறகுதான் பணம் பேச வேண்டும். விற்கும் குடும்பம் இந்த வேலையைச் செய்யட்டும். வாங்குகிறவர் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

குழலில் இருக்கும் எழுத்தை எப்படிப் படிப்பது?

"30 டபிள்யூ.சி.எஃப்." என்று இருந்தால் .30-30 (டபிள்யூ.சி.எஃப். என்பது வின்செஸ்டர் சென்டர் ஃபயர்). "44 டபிள்யூ.சி.எஃப்." என்றால் .44-40. "32 டபிள்யூ.சி.எஃப்." என்றால் .32-20, இதையும் .32 வின்செஸ்டர் ஸ்பெஷலையும் .32-40-யையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், மூன்றும் வேறு வேறு. .38-55 பொறித்த பழைய ரைஃபிளில் 1978-இல் வந்த .375 வின்செஸ்டர் தோட்டாவைப் போடக் கூடாது. பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். அழுத்தம் மிகவும் அதிகம்.

எழுத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். எழுபது, எண்பது வருடத்தில் யார் சேம்பரை மாற்றினார்கள் என்று குழல் சொல்லாது. உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் சேம்பரை அச்செடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் கந்தகத்தை உருக்கி ஊற்றி எடுப்பார்கள், இப்போது அதற்கென்றே குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை இருக்கிறது. அச்சை அளந்தால் சந்தேகம் தீர்ந்தது.

பெங்களூரில் எங்கே தேடுவது?

டீலர்களின் கவுன்டரைப் பார்க்காதீர்கள், பின்னறையைப் பற்றிக் கேளுங்கள். லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு பிள்ளைகள் துப்பாக்கியை டீலரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைக்கிறார்கள். சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. அப்புறம் அமெரிக்காவிலும் சென்னையிலும் இருக்கும் வாரிசுகள் திரும்பிப் பார்ப்பதில்லை. நல்ல லீவர் ரைஃபிள்கள் வெளியே வருவது அந்த ராக்குகளிலிருந்துதான். வருடக்கணக்கில் யாரும் கேட்காவிட்டால் அரசு பறிமுதல் செய்யவும் முடியும். ஒரு ரைஃபிள் அப்படிப் போவதைவிட அக்கறையுள்ள கைக்கு வருவது நல்லது என்பது என் கட்சி. டீலரிடம் உங்கள் லைசென்ஸ் நகலையும் தேடும் காலிபரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை போன் செய்யுங்கள். மைசூரு, கோயம்புத்தூர், ஊட்டிப் பக்கத்து டீலர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனியாரிடம் நேரடியாக வாங்குவதும் உண்டு. விற்பவர் தன் எண்ணத்தை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, குறைந்தது 45 நாள் கழிந்த பிறகே துப்பாக்கி கைமாற வேண்டும். உங்களிடம் அந்த வகைத் துப்பாக்கிக்குச் செல்லும் லைசென்ஸ் இருக்க வேண்டும். அந்த 45 நாளும் ரைஃபிள் அவர் வீட்டில்தான்; "பழக்கப்பட்டவர்தானே, எடுத்துட்டுப் போங்க தம்பி" என்று அவர் அன்போடு சொன்னாலும்.

கையில் எடுத்ததும் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் சேம்பரும் மேகசினும் காலியா என்று பாருங்கள். தோட்டா வருவது நிற்கும்வரை லீவரை ஏற்றி இறக்குங்கள்; அதன்பிறகும் குழாயில் ஒன்று சிக்கியிருக்கலாம், கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். சுழல் மேகசின் உள்ள சாவேஜில் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு சீரியல் எண். லைசென்ஸில் இருப்பதும் உலோகத்தில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அரம் பட்டு அழிந்தது, மேலே மறுபடி குத்தியது போலத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வந்துவிடுங்கள். அடையாள எண்ணை அழிப்பது 8-ஆம் பிரிவின்படி குற்றம். அந்தத் துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி இயந்திரம். லீவரை மூடிய நிலையில் விரலால் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், தொங்கக் கூடாது. மாடல் 94-இல் லீவரை மூடும்போது பின்பக்கத்தில் ஒரு எஃகுக் கட்டை மேலெழும்பி, சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைத் தாங்கும். அது முழுதாக எழும்பி மட்டமாக உட்கார்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். தேய்ந்திருந்தால் தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் இடைவெளி கூடியிருக்கும். மெக்கானிக் கேஜ் வைத்து அளக்காமல் சுடக் கூடாது. குதிரையைப் பாதியில் நிறுத்தி, கட்டை விரலால் முன்னால் அழுத்துங்கள். நழுவினால் அந்தப் பள்ளம் தேய்ந்துவிட்டது; விழுந்தால் வெடிக்கும் ரைஃபிள் அது. வலப்பக்கத் தோட்டா வாசலின் ஸ்பிரிங் விரலைத் திருப்பித் தள்ள வேண்டும். மேகசின் குழாயில் நெளிவு இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள்.

சாவேஜ் 99-இல் கட்டையும் உலோகமும் சேரும் இடத்தில், கட்டைக்குள் நீளும் மேல் உலோக நாக்குக்குப் பின்னால், நகத்தை வைத்து மெதுவாக இழுங்கள். அங்கே வெடிப்பு விழுவது அந்த மாடலின் பழைய நோய். பாலிஷ் போட்டு மறைத்திருந்தாலும் நகத்தில் தட்டும்.

கடைசியாகக் குழல். வெள்ளைத் துணியை நனைத்து இழுத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் இரண்டு முனையிலிருந்தும் பாருங்கள். மலைப்பக்கத்து மழையில் இருந்த ரைஃபிள்களில் சேம்பரை ஒட்டிக் குழிக்குழியாக அரித்திருக்கும். லேசான கருமை பரவாயில்லை. வாய்முனையில் குழலின் உள்வரிகள் தேய்ந்திருந்தால்தான் குறி கெடும்.

குழாய் மேகசினில் எந்தக் குண்டும் போடலாமா?

கூடாது. ஒரு தோட்டாவின் முனை அடுத்ததன் பிரைமரில் சாய்ந்திருக்கும். கூர்முனைக் குண்டு என்றால் பின்னுதைப்பில் அது குத்தி குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். தட்டை முனையோ மழுங்கிய முனையோதான் போட வேண்டும். சாவேஜ் 99-க்கும் பெட்டி மேகசின் உள்ள 1895-க்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அமெரிக்காவில் வாங்கிய என் மார்லினைக் கொண்டுவர முடியுமா?

சாதாரணப் பயணியாக முடியாது. குடியிருப்பை இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டு நிரந்தரமாகத் திரும்புபவருக்குச் சுங்க விதிகளில் ஒரு வழி உண்டு: அனுமதிக்கப்பட்ட போர் துப்பாக்கி ஒன்று. அதைக் குறைந்தது ஒரு வருடம் அங்கே வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும், இந்திய லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், வரி கட்ட வேண்டும். வந்த பிறகு உங்கள் ஆயுள் உள்ளவரை விற்கவோ கைமாற்றவோ கூடாது. ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன்பே லைசென்ஸ் வேலையைத் தொடங்குங்கள். கெம்பேகவுடா விமான நிலையத்தில் இறங்கிய பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும்.

ரைஃபிளுக்கு 120 வயது. பழம்பொருள் என்றால் லைசென்ஸ் வேண்டாமே?

வேண்டும். 45-ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு. சுடக்கூடிய 1873 மாடல் வயதால் தப்பாது.

குடகு நண்பர் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கிறார். அவரிடம் வாங்கினால்?

குடவ இனத்தாருக்கும் ஜம்மா நிலம் (குடகின் பரம்பரை நில உரிமை) உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. அது அந்த மனிதர்களுக்கானது, துப்பாக்கியோடு சேர்ந்து கைமாறாது. உங்கள் கைக்கு வர உங்கள் லைசென்ஸ் வேண்டும். 45 நாள் நடைமுறையும் உண்டு.

தோட்டா கிடைக்கும் காலிபருக்குக் குழலை மாற்றிவிடலாமா?

காலிபர் மாற்றுவதும் 5-ஆம் பிரிவில் வருகிற வேலை. அதற்கு உரிமம் உள்ளவர் செய்து, உங்கள் லைசென்ஸிலும் அதிகாரி பதிய வேண்டும். சட்டத்தை விடுங்கள், தேய்ந்த பழைய லீவர் இயந்திரத்தில் புதுக்குழல் போட்டு அழுத்தம் கூடிய தோட்டாவைச் சுடுவது சுடுபவரின் முகத்துக்கு ஆபத்து. எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை.

வாட்ஸ்அப்பில் ".30-30 இம்போர்டட், ஹோம் டெலிவரி" என்று வருகிறதே?

பணம் போகும், அல்லது பணத்தோடு சுதந்திரமும் போகும். பதில்கூட அனுப்பாதீர்கள்.

எந்த லீவர் ரைஃபிளை வாங்கச் சொல்வீர்கள்?

சுட ஆசை என்றால் .22: மார்லின் 39ஏ, வின்செஸ்டர் 9422, பிரவுனிங் பி.எல்.-22. தோட்டா கிடைக்கும், கிளப்பில் சேர்ந்தால் சட்டமே வழி சொல்கிறது. ஒலிம்பிக் துப்பாக்கி சுடும் போட்டிகளில் லீவருக்கு இடமில்லை. பழகும் இன்பத்துக்காக மட்டும்தான். பெரிய காலிபர்தான் வேண்டும் என்றால், ரைஃபிளோடு தோட்டாவையும் சேர்த்து விற்கும் குடும்பத்துக்காகக் காத்திருங்கள்.

என் வீடு பன்னேருகட்டாப் பக்கம். அதனால் ஏதாவது?

உண்டு. சரணாலயம் அல்லது தேசியப் பூங்காவிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருந்தால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனத்துறையிடம் பெயரைப் பதிய வேண்டும். புது லைசென்ஸுக்கு முதன்மை வனஉயிரினக் காப்பாளரின் சம்மதமும் வேண்டும். விண்ணப்பத்தோடு இதையும் தொடங்கினால் மாதக்கணக்கில் மிச்சம்.

அப்பாவின் சாவேஜ் கோயம்புத்தூரில் இருக்கிறது. அவருக்கு வயது 72. எனக்கு எப்படி மாற்றுவது?

அப்பா இருக்கும்போதே செய்துவிடுங்கள். எழுபது வயது நிரம்பியவரோ, 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தவரோ தன் வாரிசு ஒருவருக்குக் கொடுக்க 2016 விதிகளில் இடமிருக்கிறது. மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லைக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவையுங்கள். அக்கா தங்கைகளையும் சேர்த்து. நீங்கள் பெங்களூர்வாசி என்பதால் விண்ணப்பம் இங்கே, அப்பாவின் கோப்பு கோவையில். இரண்டு அலுவலகமும் கடிதம் பரிமாறிக்கொள்ளும்வரை ரைஃபிளை எடுத்துவராதீர்கள். அப்பாவின் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லுமா, இந்தியா முழுவதுமா என்று புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மாநிலத்துக்குள் மட்டும் என்றால், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டுவதற்கு முன் உங்கள் பெயரில் லைசென்ஸும் கொண்டுவரும் அனுமதியும் தாளில் கையில் இருக்க வேண்டும். அவரிடம் மிச்சமிருக்கும் தோட்டாக்களையும் எண்ணி அதே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.